கோல்ஃப் கிளப் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்: உங்கள் ஆட்டத்திலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

என் முதல் செட் மாமா கொடுத்தது. அவர் என்னைவிட ஒரு தலை உயரம். கிளப்புகள் நல்லவைதான்; சும்மா கிடைத்ததால் இன்னும் நல்லவையாகத் தெரிந்தன. ஆனால் அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும், தட்டையான உலோகத் தலை கொண்ட கிளப்) எடுத்து அடித்தால் பந்து இடது பக்கமாக ஒதுங்கிப் போகும். (நான் வலதுகைக்காரன். இங்கே இடது, வலது என்று வரும் இடமெல்லாம் அந்தக் கணக்குதான். இடதுகைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) ஆறு மாதத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பந்தில் படும் நேரத்தில் கிளப்பின் முகம் (பந்தை அடிக்கும் பரப்பு) திரும்பாமல் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பந்து நேராகப் போக ஆரம்பித்தது. கூடவே தூரம் குறைந்தது, மிகத் தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் பந்து வலது பக்கம் பறந்தது, மணிக்கட்டில் வலியும் வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு பயிற்சியாளர், பந்தின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்த்து நெட்டாக நிற்கும்படி வைத்து அடிக்கச் சொன்னார். அடித்தபின் கிளப்பைத் திருப்பிப் பார்த்தால் முகத்தில் கோடு பதிந்திருந்தது. நெட்டாக அல்ல, மேல்முனை கிளப் தலையின் நுனிப்பக்கமாக (தண்டிலிருந்து தள்ளியிருக்கும் ஓரம்) சாய்ந்திருந்தது. "ஸ்விங் கெட்டுப்போனதுக்கு ஸ்விங் காரணமில்ல. கிளப் கோணலா இருக்கு, நீங்க அதுக்கு ஏத்த மாதிரி கோணலாயிட்டீங்க" என்றார்.

கிளப் வாங்குவதைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முழுக்க இதிலிருந்து வருவதுதான். பொருந்தாத கிளப் பையில் சும்மா கிடக்காது. தவறான ஸ்விங்கைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். "முதலில் நன்றாக ஆடக் கற்றுக்கொள்கிறேன், அப்புறம் அளவு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது இதனால்தான் சரியில்லை. புதிதாக ஆடுபவருக்கு விலை உயர்ந்த கிளப் தேவையில்லை. நீளமும் கோணமும் கைப்பிடியும் பொருந்தினால் போதும்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் உங்களை அளந்துகொள்ளுங்கள்

பயிற்சி மைதானத்தில் ஒரு காலைப்பொழுது போதும். பையில் இருக்கும் ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பந்து அடியுங்கள். மிக நன்றாகப் போன இரண்டையும் மிக மோசமான இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்க வேண்டியது கேரி, அதாவது பந்து காற்றில் போன தூரம். உருண்டு போனதைச் சேர்க்க வேண்டாம். உருளுவது தரையைப் பொறுத்தது, கேரி உங்களைப் பொறுத்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நம்பர் குறையக் குறையத் தூரம் கூட வேண்டும். ஆறாம் நம்பர் அயர்னும் ஐந்தாம் நம்பரும் நான்காம் நம்பரும் ஒரே தூரம் போகின்றனவா? அப்படியானால் இரண்டு கிளப்பைத் தேவையில்லாமல் சுமக்கிறீர்கள். குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜுக்கும் மணலிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே முப்பது கஜம் ஓட்டை இருக்கிறதா? மைதானத்தில் பாதி ஸ்விங் போட்டுத் தடுமாறும் இடம் அதுதான்.

அடுத்து, பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பாருங்கள். காலில் அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை முகத்தில் மெல்லியதாக அடித்துவிட்டால் ஒவ்வொரு அடியும் அச்சாகப் பதியும். மையத்தைச் சுற்றிச் சிதறியிருந்தால் அது பயிற்சியின் குறை. எல்லாம் ஒரே பக்கம், நுனியிலோ, கிளப்பின் தண்டான ஷாஃப்டை ஒட்டிய ஹீலிலோ குவிந்திருந்தால் கிளப்பின் மேல் சந்தேகப்படலாம்.

மூன்றாவது, உங்கள் வழக்கமான தவறு எது என்று எழுதிவையுங்கள். நல்ல அடி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். வலது பக்கம் வளைவதா, தாழப் போவதா, தரையை முதலில் தோண்டுவதா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கிளப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அந்தத் தவறை வைத்துத்தான்.

பையில் எத்தனை

விதிப்படி 14 கிளப்புக்கு மேல் கூடாது. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) அதிகமாக வைத்துக்கொண்டு ஆடினால், ஆடிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு தண்டனை ஸ்ட்ரோக், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு. ஆனால் 14 என்பது உச்சவரம்புதான். அத்தனையும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதியவருக்கு ஏழெட்டுப் போதும்: லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) அதிகமான ஒரு டிரைவர் அல்லது ஃபேர்வே வுட் (புல்லிலிருந்து தூரம் அடிக்கும் கிளப்), ஒரு ஹைபிரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவான கிளப்), ஆறு, எட்டு என ஒன்றுவிட்டு ஒன்றாக அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், குழியை நோக்கிப் பந்தை உருட்டும் பட்டர். பக்கத்துப் பக்கத்து நம்பர்களுக்குள் தூர வித்தியாசம் இன்னும் வராத ஆளுக்கு நடுவிலுள்ள நம்பர்கள் வெறும் பாரம்.

நீளமும் லை கோணமும்

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

உயரத்தை மட்டும் வைத்து நீளத்தை முடிவு செய்ய முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும். அதனால்தான் அளப்பவர்கள் மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்கிறார்கள். ஆடும் ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான அட்டவணைகளில் 34 முதல் 36 அங்குலம் வரை வந்தால் சாதாரண நீளம் போதும். அதற்குக் கீழே குறைப்பார்கள், மேலே கூட்டுவார்கள், பெரும்பாலும் கால் அங்குலம், அரை அங்குலம் என்ற அளவில்தான். சாதாரண ஏழாம் நம்பர் அயர்ன் ஏறத்தாழ 37 அங்குலம். ஒவ்வொரு நம்பருக்கும் அரை அங்குலம் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கமே வேண்டாம் என்று எல்லா அயர்னையும் ஒரே நீளத்தில் வைத்து ஆடிப் பெயர் பெற்றவர் பிரைசன் டெஷாம்போ என்ற தொழில்முறை ஆட்டக்காரர். அது எல்லாருக்கும் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

லை என்பது கிளப்பின் அடிப்பாகம் தரையில் சமமாக உட்காரும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம். ஏழாம் நம்பருக்கு 62, 63 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். பந்தில் படும் நேரத்தில் நுனி தூக்கியிருந்தால் கிளப் உங்களுக்கு நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். முகம் இடது பக்கம் பார்க்கும், பந்தும் அங்கே போகும். ஹீல் தூக்கியிருந்தால் கிளப் படுத்துவிட்டது; பந்து வலது பக்கம் போகும். லாஃப்ட் அதிகமாக ஆக இந்தப் பிழையும் பெரிதாகும். அதனால்தான் ஐந்தாம் நம்பரில் சமாளித்துவிடும் ஆள் வெட்ஜில் கொடியை விட்டு விலகி அடித்துக்கொண்டிருப்பார்.

நின்ற நிலையில் அளப்பது ஆரம்பத்துக்கு மட்டும்தான். ஸ்விங் செய்யும்போது ஷாஃப்ட் கீழ்நோக்கி வளையும், கைகள் நிற்கும்போது இருந்ததைவிடச் சற்று உயரும். ஆகவே பந்தில் படும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. மார்க்கர் சோதனையை நீங்களே செய்யலாம். அழியும் மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு முகத்தைப் பார்த்து, தரைக்குச் செங்குத்தாக இருக்கும்படி பந்தை வையுங்கள். அடித்துவிட்டு, கிளப்பின் அடிப்பாகத்தைச் சமமாகப் பிடித்துக்கொண்டு அச்சைப் பாருங்கள். நெட்டாக இருந்தால் சரி. மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் லை நிமிர்ந்திருக்கிறது, ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் படுத்திருக்கிறது. ஒரு அடியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஐந்தாறு அடித்துப் பாருங்கள், அதிலும் மையத்தில் பட்டதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: நீளத்தை மாற்றினால் லையும் மாறும். அரை அங்குலம் நீட்டினால் கிளப் ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்ததுபோல் ஆடும். அதனால் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள், லையை அப்புறம்.

லையை வளைத்துச் சரிசெய்ய முடியும். அடித்துச் செய்த மென்மையான கார்பன் ஸ்டீல் தலை இரண்டு டிகிரி வரை எளிதாக வளையும். வார்த்துச் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முரண்டு பிடிக்கும். ஒரு டிகிரிக்கு மேல் போனால் உடையவும் கூடும். அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

ஷாஃப்ட்: எழுத்தை நம்பாதீர்கள்

ஷாஃப்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். விறைப்பு அந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும். டிரைவர் வேகம் மணிக்கு 75 மைலுக்குக் கீழே என்றால் எல், 75 முதல் 85 வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. தொடங்குவதற்கு இது போதும். ஆனால் இந்த எழுத்துகளுக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் ஆர் இன்னொருவரின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கும். "நான் எஸ் ஆடுகிறேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஆண்களுக்கு ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமைக்காக வலது பக்கம் தாழப் போகும் பந்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

வேகத்தைப் போலவே தாளமும் முக்கியம். மேலிருந்து கீழே திரும்பும் இடத்தில் சடாரென்று இழுப்பவருக்கு, வேகம் 90 மைலாக இருந்தாலும் கொஞ்சம் விறைப்பு தேவைப்படலாம். நிதானமாகத் திரும்புபவர் 97 மைலில்கூட ஆரை நிம்மதியாக அடிப்பார்.

விறைப்பைவிட எடையைக் கவனியுங்கள் என்பது என் கட்சி. அயர்ன்களுக்கு ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் 50களில் தொடங்கி 90 வரை போகும். டிரைவரில் 50 முதல் 70 கிராம் சாதாரணம். ஷாஃப்ட் அளவுக்கு மீறிக் கனத்தால் பதினான்காம் ஹோலில் கை தளர்ந்துவிடும், அடி முகத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கும். அளவுக்கு மீறி லேசாக இருந்தால் கிளப் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது, அவசரம் வந்துவிடும். முழங்கை, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் யோசிக்காமல் கிராஃபைட்டுக்குப் போகலாம். அது வயதானவர்களுக்கு மட்டும் என்ற பேச்செல்லாம் பழைய கதை.

ஸ்விங் வெயிட் என்று இன்னொரு சொல் காதில் விழும். கிளப்பை ஆட்டும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு அது. ஆண்களின் சாதாரண கிளப்புகள் டி0 முதல் டி2 வரை இருக்கும். தலையில் ஏறக்குறைய இரண்டு கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும், அரை அங்குலம் நீட்டினால் மூன்று புள்ளி ஏறும். நீளத்தை வெட்டியபின் கிளப் உயிரில்லாமல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். தலையில் ஒரு துண்டு ஈய நாடாவை ஒட்டிப் பாருங்கள், உயிர் திரும்பிவிடும்.

அயர்ன் தலைகள்

கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர், தன் பட்டிங் சரியில்லை என்ற எரிச்சலில், 1959இல் வீட்டுக் கராஜில் ஒரு பட்டர் செய்தார். எடையை நடுவில் குவிக்காமல் இரண்டு ஓரத்துக்கும் தள்ளினார். ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பவில்லை. அடிக்கும்போது எழுந்த சத்தத்தையே நிறுவனத்துக்குப் பிங் என்று பெயராக வைத்தார். இன்றைக்குக் கடையில் இருக்கும் கேவிட்டி பேக் அயர்ன்களும் அதே யோசனையில் செய்தவைதான்: பின்பக்கத்தைக் குடைந்து, மிச்சப்படும் எடையை ஓரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் தள்ளுவது. மையம் தவறினாலும் தூரம் ரொம்பக் குறையாது, பந்தும் எளிதில் எழும்பும். பிளேடு என்பது பின்னால் தட்டையாக, மெல்லியதாக இருக்கும் பழைய வடிவம். பந்தைத் தாழவும் உயரவும் இடமும் வலமும் வேண்டுமென்றே வளைப்பவர்களுக்கு அது சுகம். பவுடர் சோதனையில் உங்கள் அடிகள் ஒரு நாணயத்தின் அளவுக்குள் குவியவில்லை என்றால் பிளேடைக் கண்ணால் பார்த்து ரசித்துவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள்.

கடையில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புது ஏழாம் நம்பரை அடித்துப் பார்க்கிறீர்கள், பழையதைவிடப் பதினைந்து கஜம் கூடுதல். உடனே மனம் பறக்கிறது. ஆனால் பழைய ஏழாம் நம்பரின் லாஃப்ட் 34 முதல் 36 டிகிரி. தூரத்துக்கென்று செய்யும் இன்றைய ஏழாம் நம்பரில் அது 28, 29 டிகிரிதான். பழைய ஐந்தாம் நம்பரை எடுத்து ஏழு என்று எழுதியதுபோல. தலையின் எடை தாழ்வாக இருப்பதால் பந்து எழும்பிவிடும், அதனால் இதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் அதே செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியாக இருக்கும். அதற்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டிவரும்.

ஆகவே ஒப்பிடும்போது நம்பரைப் பார்க்காதீர்கள், லாஃப்டைக் கேளுங்கள். பந்து பறப்பதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் இருந்தால், பந்து இறங்கும் கோணத்தையும் பாருங்கள். 45 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் கிரீனில் (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரை) நிற்கும். அதற்கு ரொம்பக் கீழே என்றால் கூடுதல் பதினைந்து கஜமும் கிரீனுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் போய் முடியும்.

டிரைவர்

தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பட்டர் தவிர எந்த கிளப்பும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2022 முதல் உயர்நிலைப் போட்டிகளை நடத்துபவர்கள் விரும்பினால் 46 அங்குலம் என்று குறைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அது உங்களுக்கு நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம். சோதிக்க எதுவும் வாங்க வேண்டாம். கைப்பிடியான கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்துப் பத்துப் பந்து அடியுங்கள், முழு நீளத்தில் பத்து அடியுங்கள், பவுடர் அச்சை ஒப்பிடுங்கள். குட்டையாகப் பிடித்தபோது அச்சுகள் மையத்தில் குவிந்தால், நீளத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் அதிசயத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

லாஃப்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மெதுவாக ஸ்விங் செய்பவருக்கு 9 டிகிரி என்பது பந்தை எழும்பவிடாத தண்டனை. 85, 90 மைல் வேகத்துக்கு 10.5 முதல் 12 டிகிரி வரை முயன்று பாருங்கள். திரையில் பார்க்க வேண்டியது ஸ்மாஷ் ஃபேக்டர், அதாவது பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்த எண். டிரைவரில் 1.5க்குப் பக்கத்தில் வந்தால் மையத்தில் பட்டது என்று அர்த்தம். 1.38, 1.40 என்று வந்துகொண்டிருந்தால் ஷாஃப்டை மாற்றிப் பயனில்லை. நீளத்தையும் அடியின் இடத்தையும் கவனிக்க வேண்டும்.

கழுத்தில் திருகி லாஃப்டை மாற்றும் வசதி இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: லாஃப்டைக் கூட்டினால் முகம் சற்று மூடும், குறைத்தால் திறக்கும். வலது பக்கம் வளைபவர் "பந்து ரொம்ப உயரப் போகிறது" என்று லாஃப்டைக் குறைத்தால் வளைவு இன்னும் கூடும்.

டிரைவருக்கும் அயர்னுக்கும் நடுவே

இங்கே முதல் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். எந்த அயர்னிலிருந்து தூரம் கூடுவது நின்றுபோகிறதோ, அதையும் அதைவிடக் குறைந்த நம்பர்களையும் எடுத்துவிட்டு ஹைபிரிட்டோ லாஃப்ட் அதிகமான ஃபேர்வே வுட்டோ வையுங்கள். 15 டிகிரி மூன்றாம் நம்பர் வுட்டைப் புல்லிலிருந்து எழுப்ப நல்ல வேகம் வேண்டும். 18 டிகிரி ஐந்தாம் நம்பரோ 21 டிகிரி ஏழாம் நம்பரோ பலருக்கு அதே தூரத்தைச் சிரமமில்லாமல் கொடுக்கும். ஒரே லாஃப்டில் வுட் சற்று உயரமாகவும் தூரமாகவும் போகும், நீளமான புல்லிலிருந்து ஹைபிரிட் சுலபமாக வெளியே வரும்.

வெட்ஜ்: லாஃப்ட் பாதி, பவுன்ஸ் பாதி

பிட்சிங் வெட்ஜின் லாஃப்டைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து நான்கு முதல் ஆறு டிகிரி இடைவெளியில் கூட்டிக்கொண்டே போங்கள். 44 என்றால் 50, 56 போதும், அல்லது 49, 54, 59. 60 டிகிரி லாப் வெட்ஜ் பார்க்க அழகு. பயிற்சி செய்ய நேரமில்லாதவர் கையில் அது பந்துக்கு அடியில் நுழைந்து வெறும் காற்றை அடித்துவிட்டு வரும்.

பவுன்ஸ் என்பது அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்ற கோணம். ஜீன் சாரசன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். கிளப்பின் அடியில் கூடுதல் உலோகம் வைத்து, மணலுக்குள் புதையாமல் வழுக்கிப் போகும்படி செய்து, 1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு அதைக் கொண்டுபோய் ஜெயித்தார். நமக்குத் தேவையான கணக்கு எளிது. டிவட்டை, அதாவது அடித்தபின் புல் பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். ஆழமாக, கனமாகப் புல்லைப் பெயர்ப்பவரா, மென்மையான மணலிலும் ஈரத் தரையிலும் ஆடுபவரா? 10க்கு மேல், 12, 14 டிகிரி பவுன்ஸ் எடுங்கள். புல்லை லேசாகச் சீவிப் போகிறவரா, தரை கெட்டியா? 6 முதல் 8 போதும். குறைந்த பவுன்ஸ்தான் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஏற்றது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சிப்பிலும் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சிறு அடி) தரையைக் குத்திக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லாஃப்டை வளைத்து மாற்றினால் பவுன்ஸும் மாறும். ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும்.

பட்டர்

ஒரு சுற்றில் மிக அதிகமாகக் கையில் எடுக்கும் கிளப் இதுதான். ஆனால் அளவு பார்க்காமல் வாங்குவதும் இதைத்தான். கடையில் 34, 35 அங்குலம் தொங்கும். இயல்பாகக் குனிந்து நின்று, கைகள் தோளுக்கு நேர் கீழே தொங்கும்படி பிடியுங்கள். மூக்கின் மேல்முனையிலிருந்து ஒரு பந்தைக் கீழே விடுங்கள். அது தரையில் இருக்கும் பந்தின் மேலோ, சற்று உள்ளேயோ விழ வேண்டும். ரொம்ப உள்ளே விழுந்தால் பட்டர் நீளம், வெளியே விழுந்தால் குட்டை.

பிறகு ஷாஃப்டை விரலின் மேல் கிடத்திச் சமநிலைப்படுத்துங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் அது ஃபேஸ் பேலன்ஸ்டு. பின்னும் முன்னும் நேர்கோட்டில் ஆட்டுபவருக்கு ஏற்றது. நுனி கீழே தொங்கினால், வளைவாக ஆட்டுபவருக்கு. இது இறுகிய சட்டம் இல்லை, ஆனால் முதல் வடிகட்டலுக்கு உதவும்.

கிரிப்

இடது கையால் பிடித்தால், நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கையின் சதையை லேசாகத் தொட வேண்டும். அழுந்தினால் கிரிப் மெல்லியது, இடைவெளி விட்டால் தடிமன். மெல்லிய கிரிப்பில் மணிக்கட்டு அதிகம் வேலை செய்யும், தடித்ததில் குறையும். அடியில் டேப் ஒரு சுற்றுக் கூட்டினால் 1/64 அங்குலம் தடிக்கும். பளபளவென்று வழுக்க ஆரம்பித்துவிட்டால் மாற்றிவிடுங்கள். புது கிளப் வாங்கும் ஆசையில் இருக்கும் பலருக்குப் புது கிரிப் மட்டுமே போதுமானதாக இருக்கும்.

பொருத்துபவரிடம் போகும் நாள்

உங்கள் பழைய கிளப்புகளை எடுத்துப் போங்கள். எதோடு ஒப்பிடுவது என்று இருக்க வேண்டும். முதல் பதினைந்து பந்தை உடல் சூடாக மட்டும் அடியுங்கள். முடிந்தால் நீங்கள் ஆடும் பந்தையே கேளுங்கள்; பயிற்சி மைதானத்தின் தேய்ந்த பந்து வேறு மாதிரி பறக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தலையையும் ஷாஃப்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அறுபது, எழுபது பந்துக்கு மேல் களைப்பு வந்துவிடும், அப்புறம் வரும் எண்கள் உங்களுடையவை அல்ல. டிரைவரை ஒரு நாளும் அயர்னை இன்னொரு நாளும் வைத்துக்கொள்வது நல்லது.

மிகத் தூரம் போன ஒரு பந்தைக் காட்டி "பாருங்கள்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, பத்துப் பந்தும் விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வட்டம் சிறிதானால்தான் கிளப் பொருந்துகிறது. அன்றைக்கு ஸ்விங்கை மாற்றச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். பாடம் வேறு, அளவு வேறு. கடைசியில் நீளம், லாஃப்ட், லை, ஷாஃப்ட், கிரிப், ஸ்விங் வெயிட் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் பழைய கிளப் வாங்கும்போதும் தைரியமாகப் பேசலாம்.

பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. வெட்ஜின் கோடுகள் மழுங்கியிருக்கிறதா, ஸ்டீல் ஷாஃப்டில் துரு இருக்கிறதா, கிராஃபைட்டில் கீறல் இருக்கிறதா, தலையைத் திருப்பினால் கழுத்தில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர் கிளப்பை வெட்டிக் கொடுக்காதீர்கள். ஷாஃப்டை வெட்டினால் விறைப்பு கூடும், தலையோ அதே கனம். பெண்களுக்கென்று எழுதியிருப்பதும் ஒரு சராசரி அளவு மட்டுமே; உயரமான, வேகமாக அடிக்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது. அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தும் ஆண்களும் இருக்கிறார்கள்.

கிளப் கைக்கு வந்தபின்

வந்த செட்டை ஒருமுறை லாஃப்டும் லையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரி முன்பின் இருப்பது சகஜம். பக்கத்துப் பக்கத்து நம்பர்கள் இரண்டும் எதிரெதிராகப் பிசகினால் தூர இடைவெளி காணாமல் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். மென்மையான தலைகள் பாய்விரிப்பின் மேல் அடித்து அடித்தே நகரும்.

மாமாவின் அயர்ன்களை அரை அங்குலம் வெட்டி, லையை இரண்டு டிகிரி படுக்கவைத்தார்கள். அடுத்த நாளே பந்து நேராகப் போகும் என்று ஆசையோடு போனேன். வரிசையாக எல்லாம் வலது பக்கம் போயின. கிளப் சரியாகிவிட்டது, என் மணிக்கட்டு இன்னும் பழைய கிளப்பைத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதை விடவைக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.